யப்பானியச் சினிமாவும் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும்

எங்கள் பக்கத்தில் யப்பான் என்றால் தண்ணீர்ப் பம்பு. தோட்டத்துக்கு இறைக்க மெசின் வாங்கப் போனாலும், வீட்டுக்குத் தையல் மெசின் வாங்கப் போனாலும், முதற்கேள்வி "அசல் யப்பானோ, சைனாவோ?" என்பதுதான். அதனால் நான் கொழும்பிலிருந்து யப்பானியச் சினிமா வரலாறு பற்றிய பழைய புத்தகம் ஒன்றை எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்குக் கொண்டுவந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, அடியையும் பார்த்துவிட்டு, "மேட் இன் யப்பான் எண்டு ஒரு இடத்திலயும் போடேல்லையே, அண்ணை" என்றார். பார்த்தால் இலண்டனில் அச்சிட்டது. "உங்களை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்" என்று கவலைப்பட்டுத் திருப்பித் தந்தார்.

நான் முல்லைத்தீவில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்களுக்குக் கொஞ்சம் வயலும் உண்டு. சினிமாவுக்கும் எனக்கும் இருந்த உறவு, பஸ்ஸில் போடுகிற படத்தை இறங்குமிடம் வரும்வரை பார்ப்பதோடு சரி. கொழும்புக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது, மருதானைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கியவன் வெறுங்கையோடு நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று கையை நீட்டினேன். அகப்பட்டது அது. தடித்த அட்டை, அட்டைக்குமேல் ஒரு கடதாசி மேலுறை. மேலுறையில் வாளோடு ஒருவன் மழையில் நின்றான். நானும் மழைக்குத்தான் நின்றேன். அந்த ஒற்றுமையை நம்பி வாங்கிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நான் மனிதனாக இருந்திருப்பேன். அலுவலகத்தில் ஒரு பொடியன், பழைய புத்தகம் சேகரிப்பவர்களுக்கு போனில் ஒரு குழு இருக்கிறது என்று சொல்லி என்னை அதில் சேர்த்துவிட்டான். புத்தகத்தைப் படம்பிடித்துப் போட்டேன். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர், அந்தக் குழுவின் நீதவான் என்று சொல்லலாம், உடனே பதில் போட்டார். இது முதற்பதிப்பு. மேலுறையோடு கிடைப்பது அபூர்வம். மேலுறை போனால் புத்தகத்தின் மதிப்பில் முக்கால்வாசி போய்விடும். முதுகு வெடிக்கக் கூடாது, ஆகவே விரித்துத் திறக்கவேண்டாம். வெயில் படக்கூடாது, விரல் படக்கூடாது.

அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் எதையும் வைத்திருந்து பழகாதவர்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒன்றைப் போட்டுவிட்டு, கடைசியில் உடுத்த உடுப்போடு நின்றவர்கள். அப்படிப்பட்டவன் கையில் உலகமே தேடுகிற ஒரு பொருள் வந்தால், அவன் அதைக் குரங்கின் கைப் பூமாலையாக்கிவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அலுமாரியில் மனைவியின் கூறைச் சேலைக்கும் காணி உறுதிக்கும் நடுவில் வைத்தேன். வேப்பிலையும் வைத்தேன். மனைவி, "கூறைக்கும் வேப்பிலை வைக்கச் சொல்லிக் கேட்டு இருபத்தைஞ்சு வருசம்" என்று மட்டும் சொன்னாள்.

வாசிக்காமலும் இருக்க முடியவில்லை. விரித்துத் திறக்கவும் முடியாது. ஆகவே புத்தகத்தைக் கதவுநீக்கல் அளவுக்கு விரித்து, ஒரு கண்ணால் எட்டிப் பார்த்து வாசித்தேன். இதில் ஒரு சின்னச் சிக்கல். இடப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் தெரியும், முடிவு மடிப்புக்குள் போய்விடும். வலப்பக்கத்தில் முடிவு தெரியும், தொடக்கம் தெரியாது. இப்படி யப்பானியச் சினிமாவின் வரலாற்றில் சரிபாதியை நான் கற்றுத் தேர்ந்தேன். மீதியை என் அறிவால் இட்டு நிரப்பினேன்.

அரைக்குடம் தளும்பாமல் இருக்குமா? ஊர் வாசகர் வட்டத்தில் உலக சினிமா பற்றிப் பேச ஆள் தேடியபோது நான் கூப்பிடாமலே போய் நின்றேன். அந்தக் காலத்துப் பேசாப் படங்கள் ஓடும்போது யப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் கடைசிவரை நிற்பான் என்று புத்தகத்தில் இருந்தது. ஏன் நிற்பான் என்பது மடிப்புக்குள் இருந்தது. எங்கள் ஊரில் முன்பு வீடியோப் படம் போட்ட கொட்டிலில் விசிலடிப்பவர்களை அடக்க ஒருவர் தடியோடு நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. "சபையின் ஒழுக்கத்தைப் பேணுவதற்காக" என்று அடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஓர் ஆசிரியை எழும்பி, "உங்களுக்கு ஆகப் பிடிச்ச யப்பான் படம் எது, சேர்?" என்று கேட்டார். நான் அதுவரை மூன்று படங்கள் பார்க்கத் தொடங்கி, மூன்றிலும் நித்திரையாகியிருந்தேன். "எல்லாத்திலயும் மழை நல்லா இருக்கும்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஊரில் எனக்கு யப்பான் என்று பெயர். சைக்கிள்கடையில்கூட, "யப்பான் வாறார், காத்துப் பம்பை எடு" என்பார்கள்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஒரே மகள் யப்பானுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

அவள் கிளிநொச்சியில் யப்பான் மொழி வகுப்புக்குப் போய்வந்தது எனக்குத் தெரியும். அதை நான் என் பேச்சின் பாதிப்பு என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் சோதனை பாஸ்பண்ணி, அங்கே முதியோர் இல்லமொன்றில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையும் எடுத்துவிட்டாள். சொன்ன நேரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போகவேண்டாம் பிள்ளை என்றுதான் வாய்க்குள் வந்தது. இங்கே அவளுக்கு என்ன வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு துண்டு வயல், ஒரு புத்தகம். அதனால் வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "அங்கை கதவெல்லாம் கடதாசியில செய்திருக்கும், கவனமாத் திறக்கோணும்" என்றேன்.

"அப்பா, அங்கை கதவெல்லாம் தானாத் திறக்குது."

"நிலத்திலதான் இருக்கோணும். முழங்காலை மடிச்சு."

"எல்லாரும் கதிரையிலதானப்பா இருக்கினம். உங்கடை புத்தகம் எந்தக் காலத்துப் புத்தகம்?"

"முதற்பதிப்பு" என்றேன், அது எல்லாவற்றுக்கும் பதில் என்பதுபோல.

அடுத்து வந்த வாரங்களில் நான் அவளிடம் கதைத்ததெல்லாம் யப்பானியச் சினிமாதான். போகாதே என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவளும் பாவம், சட்டை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி என்னைவிடத் திறம். அவள் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, வந்த அழுகையை அங்கேயே அழுது முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மிளகாய் காயப்போட்டாள்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கையில் எனக்கு ஒரு மகத்தான எண்ணம் தோன்றியது. புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிடுவது. அங்கே யாரோ ஒரு பெரியவர் அதைக் கண்டு திகைத்து, "இது முதற்பதிப்பல்லவா, உன் தந்தை யார்?" என்று கேட்பார். மகள் அடக்கமாகத் தலை குனிவாள். இந்தக் காட்சியில் நான் மயங்கிப்போய், அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்து, "பிள்ளையின்ரை சூட்கேசுக்குள்ள கவனமா வையும்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கினால் வீட்டுக்கு வீடு புத்தகங்களுக்கு உறை போடுவார்கள். போன வருடத்துக் கிழிந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பிறவுண் பேப்பரை மடித்துப் போட்டு, முன்னால் ஒரு லேபலும் ஒட்டவேண்டும். உறையில்லாத புத்தகத்தோடு பிள்ளையை அனுப்புவது, சீப்பால் தலை இழுக்காமல் அனுப்புவதற்குச் சமம். மனைவி இதில் சூரி. மகள் முதலாம் வகுப்புப் படித்தது முகாமில். அப்போதும் அவள் எங்கிருந்தோ சீமெந்துப் பை ஒன்றைப் பிடித்து, அதன் உட்தாளை உரித்துத் துடைத்து, சோற்றுப் பசையால் உறை போட்டுத்தான் பிள்ளையின் புத்தகத்தை அனுப்பினாள்.

பின்னேரம் வந்து பார்க்கிறேன், மேசையில் புத்தகம் இருக்கிறது. பிறவுண் பேப்பர் உறை. ஒரு சுருக்கம் இல்லை. நான்கு மூலையும் கத்தி. முன்னால் லேபல். அதில் மகளின் பெயர். பாடம் என்ற இடத்தில் "யப்பான்".

"மேலுறை எங்கை?" என்றேன்.

"எது, அந்தக் கிழிஞ்ச தாளோ? ஓரமெல்லாம் பிஞ்சு கிடந்ததப்பா. மிளகாய் வறுக்க அடுப்பு மூட்ட எடுத்தனான். நல்ல கடதாசி, பொக்கெண்டு பத்தினது" என்றாள் மனைவி.

நான் கத்தினேன். நீதவான் சொன்ன சட்டம் முழுவதையும் சொல்லிக் கத்தினேன். முதற்பதிப்பு என்று கத்தினேன். முக்கால்வாசி என்று கத்தினேன். குசினியில் வறுத்த மிளகாயின் காரம் ஏறி இடையிடையே தும்மினேன். ஒருவன் தும்மிக்கொண்டே கோபப்படுவது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. மனைவி நான் முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "கிழிஞ்ச உறையோடை என்ரை பிள்ளையை அனுப்பச் சொல்லுறீங்களே?" என்றாள். மகள் கதவடியில் நின்று சிரித்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

குழுவுக்கும் விசயத்தை எழுதினேன். நீதவான் ஒரு கும்பிடும் கையை மட்டும் அனுப்பினார். மரணவீட்டுக்குப் போடுகிற அதே கை.

அடுத்த மடைமையும் என்னுடையதுதான். விமானத்தில் முப்பது கிலோதான் விடுவார்கள் என்று சூட்கேசை நிறுக்கத் தராசு தேடினோம். நான் போய் நெல் வாங்குகிற வியாபாரியின் தராசை இரவல் வாங்கி வந்தேன். ஒவ்வொரு போகமும் அந்தத் தராசு எங்கள் நெல்லைக் குறைத்துக் காட்டுகிறது என்று வயிறெரிந்து திட்டுகிறவன் நான். அதே தராசில் மகளின் பெட்டியைத் தூக்கிவிட்டு, "பாத்தீரே, சரியா முப்பது" என்று மனைவிக்குப் பெருமையடித்தேன். கிலோ மிச்சமிருப்பதுபோலத் தெரிந்தபோதெல்லாம் இன்னொரு பை ஒடியல்மா, எங்கள் பனங்கிழங்கு மா, வைத்துத்தான் அந்த முப்பதை நிரப்பியிருந்தோம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துக்கொண்டு அயலில் பாதிப்பேர் வந்தார்கள். மகள் எல்லோரிடமும் விடைபெற்று உள்ளே போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் கை காட்டி முடித்து, மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து முடித்து, இனி வானுக்குப் போகலாம் என்று திரும்பும்போது, மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். ஒரு கணம், கடவுளே, போகவில்லையாக்கும் என்று என் நெஞ்சு குதித்தது. அந்தக் குதிப்பை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

"கூடவாம் அப்பா. இரண்டு கிலோ எடுக்கோணுமாம். கெதியாச் செய்யட்டாம்."

கைப்பையும் மாமிமார் கொடுத்த பலகாரத்தால் ஏற்கெனவே வயிறு வீங்கிக் கிடந்தது. வாசலிலேயே பெட்டியைத் திறந்து குந்தினோம். மேலே புத்தகம், பக்கத்தில் மிளகாய்த்தூள் பை, இரண்டும் தனித்தனி இரண்டு கிலோ வரும். மகள் ஒரு நொடி இரண்டையும் பார்த்தாள். பிறகு தூளை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். மனைவி அதை வாங்கக் கையை நீட்டினாள். அந்தத் தூளுக்காக அவள் மூன்று நாள் வெயிலில் நின்றதை நான் பார்த்தவன். என்னைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் பிள்ளை தூளை எடுத்தாள் என்பதும் எனக்கு விளங்கியது.

"தூளை வை பிள்ளை. புத்தகத்தைத் தா" என்றேன்.

"அப்பா, இது உங்கடை..."

"அங்கை யப்பான் புத்தகம் வாங்கேலாதே? இந்தத் தூளை எந்தக் கடையில வாங்குவாய்?"

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். முல்லைத்தீவு வரும்வரை புத்தகம் என் மடியில் இருந்தது. மதிப்பில் முக்கால்வாசி அடுப்பில் எரிந்து, அந்த நெருப்பில் வறுபட்ட தூள் விமானத்தில் போக, மிச்சக் கால்வாசியோடு நான் வானில் போனேன். புளியங்குளத்துக்குக் கிட்ட எனக்கு அழுகை வந்தது. யன்னலைத் திறந்துவிட்டு, தூசி என்றேன். வானில் ஒருவரும் நம்பவில்லை.

வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. கெடுக்க இனி ஒன்றுமில்லாதபடியால் ஒருநாள் புத்தகத்தை மேசையில் வைத்து நடுவில் ஓங்கி அமத்தி விரித்தேன். முதுகு டொக்கென்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சந்தோசம், மறைக்காமல் சொல்கிறேன். முதல் தடவையாக வரிகளை முழுசாக வாசித்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற மனிதன் ஒழுக்கம் பேண நின்றவன் அல்ல. படம் பேசாது என்பதால், ஆண் பெண் எல்லோருடைய பேச்சையும் அவன் ஒருவனே நின்று பேசுவானாம். சனம் நடிகருக்காக வராமல் அவனுக்காகவே வருமாம். வாசகர் வட்டத்துக்கு இதைத் திருத்திச் சொல்லலாமா என்று யோசித்தேன். எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மகள் போய் ஆறேழு மாதம் இருக்கும். ஒரு பின்னேரம் போனில் முகத்தோடு வந்தாள். சீருடையில் இருந்தாள். பக்கத்தில் சில்லுக் கதிரையில் ஒரு கிழவர், சுருங்கி, போர்வைக்குள்.

"அப்பா, இவர் ஒருத்தரோடையும் கதைக்க மாட்டார். சாப்பிடவும் பஞ்சி, கரண்டியைத் தள்ளிவிடுவார். பழைய படமெண்டால் மட்டும் வாய் திறப்பார். உங்கடை புத்தகத்தைப் பற்றிச் சொன்னனான், காட்டச் சொல்லிக் கேக்கிறார். இல்லத்துப் பெரியவையிட்டைக் கேட்டுத்தான் போன் எடுத்தனான், பயப்பிடாதேங்கோ."

நான் மேலுக்கு ஒரு சேட்டு மாட்டிக்கொண்டு புத்தகத்தோடு ஓடி வந்தேன். மனைவி போனைப் பிடித்தாள். நான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டினேன், நீதவான் கண்டால் உயிரை விட்டிருப்பார். கிழவர் முதலில் அசையவில்லை. பிறகு ஒரு நடிகையின் படம் வந்ததும் போர்வைக்குள்ளிருந்து விரலை வெளியே எடுத்தார். ஏதோ பெயர் சொன்னார். அடுத்த படத்துக்கும் சொன்னார். அதற்கடுத்ததற்குச் சிரித்தார். பல்லில்லாத, நல்ல சிரிப்பு. மகள் அவருடைய நாடியைத் துடைத்துவிட்டு, அவர் சொல்வதை எங்களுக்குச் சொன்னாள். போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு வாய் தண்ணீர் பருக்கினாள். அந்தக் கைகளையே மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் கிழவர் திரையைக் கூர்ந்து பார்த்தார். புத்தகத்தை விட்டு என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக ஏதோ கேட்டார். மகள் போர்வையைச் சரிசெய்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அப்பா. அடுத்த பக்கத்தைக் காட்டுங்கோ."

"கேட்டதைச் சொல்லு பிள்ளை." என்னுடைய அறிவைப் பற்றித்தான் ஏதோ கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

அவள் போனைப் பார்க்காமல் சொன்னாள். "உன்ரை அப்பாவை அங்கை ஆர் பாத்துக்கொள்ளுகினம் எண்டு கேக்கிறார்."

எனக்குத் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் எழும்பி நின்று பதில் சொன்னவன் நான். இதற்கும் சொன்னேன். "அம்மா பாக்கிறா எண்டு சொல்லு."

மகள் அவருடைய பாசையில் சொன்னாள். கிழவர் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஏதோ கேட்டார். "அப்ப அம்மாவை ஆராம் பாக்கிறது" என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் விரலை நனைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பி, கிழவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.